மூன்று மணி வாத்து

டிசம்பர் 24, பிற்பகல் 3 மணி. கிறிஸ்து பிறப்பு விழாவின் முன்நாளாகிய அன்று சுவீடன் நாட்டுக் குடும்பங்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூடுகின்றன. அறிவிப்பாளர் மெழுகுதிரி ஒன்றை ஏற்றுகிறார். பின்னர் ஒரு மணி நேரம் வால்ட் டிஸ்னியின் பழைய கார்ட்டூன் படத் துண்டுகள். டொனால்டு டக் எனும் வாத்தை அந்நாட்டார் 'கால்லே அங்கா' என்பர். நிகழ்ச்சிக்கும் அதுவே பெயராயிற்று. 1960-இல் தொடங்கிய வழக்கம் இது. நாட்டில் ஒரே அலைவரிசை இருந்த காலம். இத்தகைய படங்கள் சிறுவருக்கு அரிதாகவே கிட்டின. இன்று எவ்வளவோ வந்துவிட்டன. ஆயினும் பல ஆண்டுகளில் 30 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்திருக்கின்றனர். அந்நாட்டு மக்கள்தொகையே ஏறத்தாழ ஒரு கோடிதான். (குடிலும் குழந்தையும் அதில் எங்கே என்று நம் வாசகர் கேட்பது நியாயமே. இல்லைதான்.)

அவ்வீடுகளுள் ஒன்றில் வேற்று நாட்டிலிருந்து மருமகளாய் வந்த ஒருத்தி அமர்ந்திருப்பதாக எண்ணிப் பார்ப்போம். போரிட மறுத்து மரநிழலில் மலர் முகரும் ஃபெர்டினாண்டு எனும் காளை திரையில் தோன்றுகிறது. 2019-இல் மறைந்த பெங்ட் ஃபெல்ட்ரைக்கின் குரல் கதை சொல்கிறது. அவள் கணவன் அக்குரலுக்கு முன்னரே வசனத்தை முணுமுணுக்கிறான். அவளோ திரையைப் பார்க்கிறாள்; அவனோ அவள் முகத்தைப் பார்க்கிறான். அவள் சிரிக்கவில்லை.

அவன் மனம் ஏன் நோகிறது? படம் நல்லதா என்று அவன் அவளிடம் கேட்கவில்லை அன்றோ! தான் ஏழு வயதில் தரையில் அமர்ந்திருந்த இடத்தை அவளுக்குக் காட்டுகிறான். அச்சிறுவனை அவள் கண்டதில்லை. இனிக் காணவும் முடியாது. அவனைக் காணும் சன்னல் இது ஒன்றே என அவன் நம்புகிறான். ஆனால் சன்னலைத் திறந்துவிட்டு, 'நான் கண்டதை மட்டுமே காண்' என்று பிறருக்குக் கட்டளையிட முடியுமா?

1932-இல் வெளிவந்த கிறிஸ்மஸ் தாத்தாவின் பட்டறைக் காட்சி இந்நிகழ்ச்சியில் இடம்பெறுவது வழக்கம். அதில் கறுப்பின மக்களைக் கேலி செய்யும் வடிவில் ஒரு பொம்மை வரும். சில விநாடிகளே. அப்பகுதி 2012-இல் நீக்கப்பட்டது. சுவீடனில் பலர் வருந்தினர், சிலர் சினந்தனர். அவர்களைத் தீயோர் என நாம் கூறோம். சிறுவயதில் தாயின் மடியருகே கண்ட எதையும் தீமை என்று எண்ண மனம் இசைவதில்லை. பொம்மையை அவர்கள் உண்மையில் பார்த்ததே இல்லை எனலாம். அம்மாவை, அறையின் வெப்பத்தைப் பார்த்தார்கள். அந்த மடியில் வளராதவரின் கண்ணுக்கோ பொம்மை முதலிலேயே தென்பட்டுவிடும். அதைச் சொன்னால் வீட்டில் அமைதி குலையும். சொல்லாவிடில் அவள் அங்கு விருந்தாளியாகவே இருந்துவிடுவாள். சொல்வதே நேர்மை என்பது நம் எண்ணம். அவனுடைய ஏழு வயது அதனால் பொய்யாகிவிடாது. ஆனால் கேட்கும்போது அவனுக்கு வலிக்கும் என்பதையும் நாம் மறுப்பதற்கில்லை.

நான்கு மணியாகிறது. பெட்டி அணைக்கப்படுகிறது, உணவு மேசைக்கு எல்லாரும் எழுகின்றனர். சிறுமியாய் இருந்தபோது விழா நாளின் இவ்வேளையில் தன் ஊரில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.