கேசட்டுக்குள் ஒரு பெயர்

பழைய வீடியோ கேம் கருவிகளை வீட்டிலேயே வைத்துப் பழுது பார்க்கிறேன் என்று சொன்னால் முதலில் வருவது "எதுக்கு?" என்ற கேள்விதான். நியாயமான கேள்வி. முப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய விளையாட்டுகள் பெரும்பாலும் இன்று கைபேசியிலேயே ஓடுகின்றன. சரிசெய்த கருவியை விற்றால் உட்கார்ந்த நேரத்துக்குக் கூலிகூடத் தேறாது. சிறுவயது ஞாபகம் என்று பதில் சொன்னால் கேட்டவர்களுக்குத் திருப்தியாகிவிடும். ஆனால் என் மேஜைக்கு வருவதில் பாதிக்கு மேல் நான் சிறுவயதில் கண்ணால்கூடப் பார்க்காதவை.

என்னை இழுப்பது வேறு. ஒரு பழைய பொருளைத் திறந்து வைத்தால், எதைக் காப்பாற்றியே ஆக வேண்டும், எதைப் போகவிடலாம் என்று ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டும். வீட்டில், உறவில் இந்தக் கேள்வியை வருடக்கணக்கில் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறோம். திறந்து கிடக்கும் போர்டுக்கு முன்னால் அப்படித் தள்ளிப்போட முடியாது.

சில சமயம் முடிவு சுலபம். சேகா நிறுவனம் 1990-ல் ஜப்பானில் வெளியிட்ட கேம் கியர் ஓர் உதாரணம். கையில் பிடித்து விளையாடும் வண்ணத்திரைக் கருவி, ஆறு பென்சில் பேட்டரியை விழுங்கும். இன்று எங்கேயாவது ஒன்று கிடைத்தால் அநேகமாக ஒரே கதைதான். திரை மங்கலாக இருக்கும், சத்தம் காதருகே வைத்தால்தான் கேட்கும். திரையும் ஸ்பீக்கரும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. கெட்டுப்போவது போர்டில் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு தகர டப்பா போன்ற கண்டென்சர்கள். அவற்றுக்குள் இருக்கும் திரவம் வருடக்கணக்கில் கசிந்து, கீழே இருக்கும் செம்புத் தகடுகளை அரித்துவிடுகிறது. சால்டரிங் அயர்னை வைத்ததும் மீன் வாடை அடிக்கும். கசிந்திருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இங்கே அவசரப்பட்டுப் பிடுங்கினால் கண்டென்சரோடு தகடும் பெயர்ந்து வரும். இரண்டு முனையிலும் புது ஈயம் வைத்து, பழைய ஈயத்தோடு கலந்து உருகும்வரை பொறுத்து, தானாக நகரும்போது மெதுவாக எடுக்க வேண்டும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் பச்சையும் பழுப்புமாகப் படிந்திருந்தது கரைந்து, அடியில் செம்பு பளிச்சென்று தெரியும். தாய் போர்டு, சத்தத்துக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று என்று மூன்று போர்டிலும் இதே வேலை. அத்தனை கண்டென்சரையும் மாற்றிவிடுவேன். ஒன்றிரண்டு இன்னும் வேலை செய்தாலும் விட்டுவைப்பதில்லை. அசல் பாகமாயிற்றே என்று வைத்திருந்தால் அது மிச்சத்தையும் அரித்துவிடும். தன்னைச் சுற்றி இருப்பதைக் கெடுத்துக்கொண்டிருக்கும் ஒன்றிடம் பழமை என்பதற்காக மரியாதை காட்ட எனக்கு மனம் வருவதில்லை.

இதைவிட யோசிக்க வைத்தது நின்டெண்டோவின் என்இஎஸ். ஜப்பானில் 1983 ஜூலையில் ஃபேமிகாம் என்ற பெயரில் வந்த கருவிதான் 1985-ல் வடிவம் மாறி அமெரிக்காவுக்குப் போனது. அங்கே வீடியோ கேம் சந்தை அப்போதுதான் படுத்திருந்தது. கடைக்காரர்கள் பயப்படக் கூடாதென்று வீடியோ டெக் மாதிரி முன்பக்கம் கேசட்டைச் செருகும்படி செய்தார்கள். சில வருடத்தில் அந்தச் செருகுவாயின் 72 ஊசிகளும் தளர்ந்துபோக, கருவி ஓடாமல் சிவப்பு விளக்கு மட்டும் வினாடிக்கு ஒரு முறை அணைந்து அணைந்து எரிந்தது. உலகம் முழுக்கக் குழந்தைகள் கேசட்டை எடுத்து வாயால் ஊதினார்கள். எடுத்துத் திரும்பச் செருகியதால் சில முறை சரியானது. ஊதியதால் எச்சில் ஈரம் பட்டுத் தகடு இன்னும் கறுத்ததுதான் மிச்சம்.

விளக்கு அப்படி எரிந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கருவிக்குள் ஒரு காவல் சிப், கேசட்டுக்குள் அதன் ஜோடி. இரண்டும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு அறுந்தால் போலிக் கேசட் என்று முடிவுகட்டிக் கருவியை அந்தச் சிப் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்க வைக்கும். ஊசி தளர்ந்தால் முதலில் அறுவது பல நேரம் இந்தப் பேச்சுதான். விளையாட்டு ஓடத் தயாராக இருக்கும், சந்தேகம் ஓடவிடாது. பழுது பார்ப்பவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் அந்தச் சிப்பின் நான்காவது காலை வெட்டிவிடுவது. அதன் பிறகு அது யாரையும் சோதிப்பதில்லை. அந்தக் காலை வெட்டும்போது ஒரு துளி வருத்தம்கூட எனக்கு வந்ததில்லை.

ஃபேமிகாமில் அந்தக் காவல் சிப் கிடையாது. தொண்ணூறுகளில் சென்னை பர்மா பஜார் வழியாகவும் மின்சாமான் கடைகள் வழியாகவும் நம் வீடுகளுக்கு வந்த டிவி கேம்கள் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள் என்பதால் அவற்றிலும் கிடையாது. அதனால்தான் எந்தக் கேசட்டைச் செருகினாலும் ஓடியது. அவற்றைத் திறந்தால் ஏறக்குறைய காலியாக இருக்கும். முழுக் கருவியும் கறுப்புப் பிசின் ஊற்றி மூடிய ஒரே பொட்டுக்குள் அடங்கியிருக்கும். அடாப்டர் ஒயர், செருகுவாய், மின்சாரத்தைச் சீராக்கும் 7805, ஜாய்ஸ்டிக் பட்டனுக்கு அடியில் தேய்ந்துபோன கரி ரப்பர் என்று மற்ற எல்லாவற்றுக்கும் ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் பதில் இருக்கிறது. பொட்டு போனால் போனதுதான். அதை உரியவரிடம் நேராகச் சொல்லிவிடுவேன். இன்னொரு முறை பார்க்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொள்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அந்த டிவி கேமோடு ஒரு துப்பாக்கி வருமே, வாத்து சுடுவதற்கு, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதிலிருந்து எதுவும் பாய்வதில்லை. அது ஒரு கண். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கிக்குள் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். இந்தக் கணக்கு முழுக்கப் பழைய குழாய் டிவியின் வேகத்தை நம்பிப் போட்டது. இன்றைய தட்டை டிவி படத்தைச் சற்றுத் தாமதித்துக் காட்டுகிறது, வெளிச்சம் துடிக்கும் விதமும் வேறு. ஆகவே துப்பாக்கியில் ஒரு பழுதும் இல்லாவிட்டாலும் வாத்து விழாது. பொருளைச் சரிசெய்யலாம். அது எந்த உலகத்தில் வேலை செய்ததோ அந்த உலகத்தை என் மேஜைமேல் சரிசெய்ய முடியாது. குழாய் டிவியை இன்னும் வைத்திருப்பவர்கள் கேட்டால் மட்டும் துப்பாக்கியைத் திறக்கிறேன்.

பிளாஸ்டிக் மஞ்சளாவது எனக்குப் பிரச்சினையே இல்லை. தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் சேர்மங்கள் அதில் இருக்கின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் வெளுக்கும், பிறகு மறுபடி மஞ்சளாகவும் கூடும். வயதை மறைப்பதற்கு இத்தனை பாடு வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன்.

முடிவெடுக்கவே முடியாமல் என்னை உட்கார வைத்தது, நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாயின் கேசட் ஒன்று. என்னோடு வேலை பார்க்கும் பெண், தன் மகள் விளையாடச் சரிசெய்து தர வேண்டுமென்று கொண்டுவந்தாள். சிங்கப்பூரிலிருந்து மாமா அவள் அண்ணனுக்கு வாங்கி வந்தது. உள்ளே சிவப்பு போகிமான் விளையாட்டு. அந்தக் காலத்துக் கேசட்டுகள் பலவற்றில் விளையாடியவரின் கணக்கு மின்சாரம் போனால் மறந்துவிடும் சிப்பில்தான் இருக்கும். மறக்காமல் பிடித்துவைப்பது பக்கத்தில் இருக்கும் ஒரு நாணய பேட்டரி. அது தீர்ந்தால் எல்லாம் தீர்ந்தது. பேட்டரியை மாற்றலாம் என்று கழற்றினாலும் அழிந்துவிடும். விளையாட்டை வாழவைக்க வேண்டுமானால் ஞாபகத்தைக் கொன்றாக வேண்டும் என்ற கணக்கில்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள்.

அவள் கேசட்டில் பேட்டரி இன்னும் உயிரோடு இருந்தது. போட்டுப் பார்த்தோம். பெயருக்கு ஏழு எழுத்துக்குமேல் அந்த விளையாட்டு இடம் தராது. அண்ணனின் நீளமான பெயர் ஏழு ஆங்கில எழுத்தில் நறுக்கிவிட்டதுபோல் நின்றது. நூறு மணி நேரத்துக்குமேல் ஆடியிருந்தான்.

"பேட்டரி போனாப் போகட்டும் அண்ணா, இந்தப் பேரு போகக் கூடாது" என்று என்னிடம் சொன்னாள்.

"பாப்பா விளையாடத்தானே சரிபண்ணணும்னு சொன்னே?"

"அதுவும்தான்."

அந்த விளையாட்டில் ஒருவர் கணக்குக்கு மட்டுமே இடம். பாப்பா புதிதாக ஆடிச் சேமித்தால் அண்ணன் கணக்கு அழியும். கனடாவில் இருக்கும் அண்ணனிடம் அப்போதே போன் போட்டுக் கேட்டாள். "அழிச்சுட்டுக் குழந்தைக்குக் குடுடி, அது எதுக்கு இப்போ" என்று சொல்லி அவன் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டான். ஆடியவனுக்கு அது வேண்டியிருக்கவில்லை. கேம் பாயைத் தொடவிடாத அண்ணனின் தோளுக்குப் பின்னால் நின்று, அந்த நூறு மணி நேரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத்தான் வேண்டியிருந்தது. ஒரு பொருளின் ஞாபகம் அதன் சொந்தக்காரரிடம் இருக்கும் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன்.

கேசட்டில் இருப்பதைக் கணினியில் படியெடுக்கும் சின்னக் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. முதலில் படியெடுத்தேன், மொத்தமே 32 கிலோபைட். பிறகு திருகைக் கழற்றி, பழைய பேட்டரியை எடுத்து, முனைகளில் தகடு பற்றவைத்தே விற்கும் புதிய பேட்டரியை வைத்து ஈயம் பிடித்து, படியெடுத்ததைத் திரும்ப எழுதினேன். பெயர் அப்படியே வந்தது. குழந்தைக்கு வேறொரு கேசட் வாங்கிவிடலாம், இது இப்படியே இருக்கட்டும் என்றேன். அவள் கேட்கவில்லை. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அண்ணனின் கணக்கில் கொஞ்ச நேரம் நடந்து காட்டினாள். பிறகு புதிய ஆட்டம் தொடங்கச் சொன்னாள். முதல் முறை சேமிக்கப்போகும்போது, பழையது அழியும், சரியா என்று விளையாட்டே கேட்கிறது. சரி என்று அழுத்தியது மகள் இல்லை, அவள்தான். படியெடுத்த கோப்பை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னாள், அனுப்பினேன்.

அவள் செய்ததுதான் சரி என்று இப்போது எனக்குப் படுகிறது. வேறு கேசட் வாங்கியிருந்தால் இது அலமாரிக்குப் போயிருக்கும். அங்கே பேட்டரி ஒருநாள் யாருக்கும் தெரியாமல் தீர்ந்திருக்கும். புதிய பேட்டரி பல வருடம் தாங்கும், ஆனால் அதுவும் தீரத்தான் போகிறது. ஆகவே மூடுவதற்கு முன்பே மாற்றிய தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்பக்கம் ஒட்டியிருந்தேன். கழற்றுமுன் படியெடுக்கவும் என்று அதன்கீழே ஒரு வரியும் இருக்கிறது. அடுத்து அந்தக் கேசட்டைத் திறப்பவருக்கு, அதற்குள் யாருடைய பெயர் இருந்தாலும், அதை என்ன செய்வதென்று உரியவரிடம் கேட்டுக்கொள்ள நேரம் இருக்கும்.