வாழைப்பழம் கொடுப்பது புண்ணியமா?

பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு மைசூருக்கு பைக்கில் போகும் மகனிடம், 'வழியில் குரங்குக்குப் போடுப்பா' என்று ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து அனுப்புவீர்கள். கை நீட்டும் வாயில்லா ஜீவனுக்கு இல்லையென்றால் பாவமாயிற்றே! ஆனால், கொடுத்தால் என்ன ஆகிறது?

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பழத்துக்குப் பழகிய குரங்கு மரத்தை மறந்து, சாலையோரமே கதியென்று உட்கார்ந்துவிடுகிறது. வளைவில் லாரி வருவது அதற்குத் தெரியுமா? மேலே ஆசனூர்ப் பக்கம், கரும்பு லாரிக்காக யானைகள் குட்டியோடு சாலையில் நிற்கின்றன. லாரியிலிருந்து வீசிய கரும்பால் வந்த பழக்கம்! அந்த நேரம் பைக்கில் வருபவரும் ஒரு தாயின் பிள்ளைதானே?

சர்க்கரை நோயுள்ள மாமனார் ஆசையாகக் கேட்டாலும் லட்டை எடுத்து மறைத்துவைக்கிறோம். அதனால் அன்பு குறைந்தா போகிறது? கொடுப்பவர் மனம் நிறைந்தால் மட்டும் போதாது. பெறுகிற உயிருக்கு நன்மை நடந்தால்தான் அது தானம்.

பழத்தைக் கோயில் வாசலில் பசித்தவருக்குக் கொடுங்கள். மகனிடம், 'யானை நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்திக் காத்திரு' என்று சொல்லி அனுப்புங்கள். அந்தப் பொறுமையையும் காணிக்கையாக ஏற்பாள் பண்ணாரித் தாய்!