மலை வீட்டு விருந்தாளி

விருந்தாளியை எப்படி உபசரிக்க வேண்டும் என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே எழுதிவிட்டார். வந்த விருந்தாளி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குத் தனி அதிகாரம் கிடையாது. சொல்லித்தான் தெரியணுமா என்று விட்டிருப்பார். நமக்குத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு விருந்தாளியைக் கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள். வந்த அன்றே உங்கள் ஹால் சுவரில் ஆணி அடிக்கிறார். தொட்டித் தண்ணீரைக் காலி பண்ணுகிறார். குப்பையை மொட்டை மாடியில் கொட்டிவிட்டு, "வீடு ரொம்ப அழகா இருக்கு சார்!" என்கிறார். எத்தனை நாள் பொறுப்பீர்கள்?

மலைகளுக்கு நாம் இப்படித்தான் விருந்துக்குப் போகிறோம். அதிலும் பனிச்சறுக்கு விளையாடப் போகிறவர்களுக்காகக் கட்டும் விடுதிகள் இருக்கிறதே, அது பெரிய சோதனை. பனி இருக்கும் இடத்தில் குழாயில் தண்ணீர் உறைந்துபோகும். கரன்ட் கம்பி இருக்காது. சாக்கடை கிடையாது. ஆனால் வருகிறவருக்கு வெந்நீர், கதகதப்பான அறை, சூடாக சூப் எல்லாம் வேண்டும். மனிதன் தங்குவதற்கென்று அமையாத ஓர் இடத்தில், அந்த இடத்தைக் கெடுக்காமல் தங்க முடியுமா? பார்த்தால் இன்ஜினீயர் பதில் சொல்லவேண்டிய விஷயம் போலிருக்கும். பாதிதான் அப்படி.

அந்தப் பாதியை சுவிட்சர்லாந்துக்காரர்கள் பிரமாதமாகச் செய்து காட்டினார்கள். செர்மாட் ஊருக்கு மேலே 2,883 மீட்டர் உயரத்தில், பனியாறுகளுக்கு நடுவே பாறை மீது, 2009-ல் புதிய மான்டே ரோசா விடுதியைத் திறந்தார்கள். சுவிஸ் ஆல்பைன் கிளப்பும் சூரிச்சின் ஈ.டி.ஹெச். பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த வேலை. ரோடு கிடையாது, ரோப் கார் கிடையாது. மலை ரயிலிலிருந்து இறங்கி மணிக்கணக்கில் நடக்கணும். பனிக் காலமென்றால் காலில் ஸ்கீ கட்டிக்கொண்டு போகணும்.

கட்டுமானப் பொருள் எல்லாமே ஹெலிகாப்டரில்தான் போனது. அதனால் எடைதான் முதல் எதிரி. மரப் பாகங்களைக் கீழேயே கம்ப்யூட்டர் கணக்குப்படி அறுத்து, மேலே கொண்டுபோய்ப் பூட்டினார்கள். வெளியே அலுமினியத் தோல். தூரத்திலிருந்து பார்த்தால் பாறை நடுவே ஒரு படிகக்கல் கிடப்பது போலிருக்கும். தெற்குச் சுவரில் சூரியத் தகடுகள். படிக்கட்டோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி ஏறும் கண்ணாடி ஜன்னல், வெயிலின் சூட்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். பனி உருகும் சில மாதங்களில் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்கிறார்கள். குளித்த தண்ணீரும் கழுவிய தண்ணீரும் சுத்தமாகி மறுபடி கழிவறைக்குப் போகிறது. நாளை வெயிலா மேகமா, எத்தனை பேர் புக் பண்ணியிருக்கிறார்கள் என்று பார்த்து மின்சாரத்தைச் செலவு பண்ண கம்ப்யூட்டர் ஏற்பாடு. தேவையான எரிசக்தியில் 90 சதவிகிதம் அங்கேயே கிடைக்க வேண்டும் என்பது குறி.

தங்கமான விருந்தாளி இல்லையா? இங்கேதான் ஒரு சிக்கல்.

விடுதி உலகப் புகழ் பெற்றுவிட்டது. மலையைப் பார்க்க வந்தவர்கள் போக, விடுதியைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். கணக்குப் போட்டதைவிட ரொம்ப அதிகம். ஆள் கூடினால் சமையல் கூடும், கழிவு கூடும், கழிவைச் சுத்தம் பண்ண மின்சாரம் கூடும். சூரியனை மட்டும் நம்பி ஓட்ட நினைத்த கணக்கு இடித்தது.

இதில் யார் தப்பு? இன்ஜினீயரா? இல்லை. 'எப்படிக் கட்டுவது?' என்பதற்கு அவர் பதில் சொல்லிவிட்டார். 'எவ்வளவு போதும்?' என்ற கேள்விக்குப் பதில் அவர் பெட்டியில் கிடையாது. அது உங்களிடமும் என்னிடமும் இருக்கவேண்டியது. நம் வீட்டிலேயே பாருங்களேன். கரன்ட் கம்மியாக இழுக்கும் ஏ.சி. வாங்குகிறோம். கம்மிதானே என்று கூட ரெண்டு மணி நேரம் ஓட விடுகிறோம். மிச்சம் பிடித்ததைச் செலவழித்துவிட்டுத்தான் மறுவேலை!

இமயமலைக்கு வருவோம். உத்தரகாண்டில் ஆலி என்ற பனிச்சறுக்கு மையம். அதற்குக் கீழே ஜோஷிமட். அந்த ஊர் பழைய நிலச்சரிவில் வந்து குவிந்த மண் மேல் உட்கார்ந்திருக்கிறது. இங்கே கனமான கட்டடம் வேண்டாம், பாறையைப் பெயர்க்காதீர்கள் என்று 1976-லேயே மிஸ்ரா கமிட்டி சொன்னது. யார் கேட்டார்கள்? ஹோட்டல்கள் அடுக்கடுக்காக எழும்பின. மேலே ஆலியில், பனி பொழியாத வருஷத்துக்குப் பனி தயாரிக்க மெஷின், அதற்குத் தண்ணீர் தர ஒரு செயற்கை ஏரி. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நூற்றுக்கணக்கான வீடுகள் விரிசல் விட்டன. ஆலிக்குப் போகும் ரோப் காரை நிறுத்தினார்கள். ஹோட்டல் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. வடிகால் இல்லாதது, மலையைக் குடைந்தது என்று பட்டியல் நீளம். எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தது ஒன்று: போதும் என்று யாருமே சொல்லவில்லை.

இத்தனைக்கும் அதே கார்வால் மலையில் கல்லும் தேவதாருக் கட்டையும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டிய பழைய மாடி வீடுகள் உண்டு. தலைமுறை தலைமுறையாக நிலநடுக்கங்களைத் தாங்கி நிற்கின்றன. அவற்றைக் கட்டியவர்கள் மலையைக் கேட்டுவிட்டுக் கட்டினார்கள்.

"அப்போ யாருமே மலைக்குப் போகக் கூடாதா? உள்ளூர்க்காரன் பிழைப்பு என்ன ஆவது?" நியாயமான கேள்வி. போகலாம். ஆனால் வீடு அவர்களுடையது, நாம் வந்துபோகிறவர்கள் என்ற நினைப்போடு போகணும். கட்டில் இல்லையென்றால், "அடுத்த வருஷம் வாங்க" என்று சொல்லும் துணிச்சல் விடுதிக்காரருக்கு வேண்டும். அதைக் கோபப்படாமல் கேட்டுக்கொள்ளும் பக்குவம் நமக்கு வேண்டும். சுவிஸ்காரர்கள் இன்னொன்றும் செய்தார்கள். புதிய விடுதி வந்த பிறகு பழையதை அப்படியே போட்டுவைக்கவில்லை. 2011-ல் இடித்து அகற்றிவிட்டார்கள். சாப்பிட்ட இலையைத் தானே எடுக்கிற விருந்தாளி.

அடுத்த லீவுக்கு மலை ஊரில் ரூம் போடும்போது, "வியூ எப்படி?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். கூடவே, "உங்க கழிவுத் தண்ணி எங்கே போகுது?" என்றும் கேட்டுப் பாருங்கள். போனில் எதிர்முனை எவ்வளவு நேரம் மௌனமாக இருக்கிறது என்று கவனியுங்கள்.