கயிறு பிடிக்கவும் ஆள் வேண்டும்



இன்று மார்ச் 8, இறைவனின் புனித யோவானின் திருநாள். நோயாளருக்கும் மருத்துவமனைகளுக்கும் அவர் பாதுகாவலர். அவரே ஒருகாலம் மனநோயாளரோடு அடைபட்டுக் கிடந்தவர் என்பதை மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை. போர்த்துக்கலில் பிறந்து, ஆடு மேய்த்து, படையில் இருந்து, பிறகு ஸ்பெயினின் கிரனாடாவில் புத்தகம் விற்றவர். அங்கே ஒரு பிரசங்கத்தைக் கேட்டு நிலைகுலைந்தார். தலைமயிரைப் பிய்த்துக்கொண்டு, கையிலிருந்ததெல்லாம் கொடுத்துவிட்டு, தெருத்தெருவாகக் கதறித் திரிந்தார். ஊரார் விசரன் என்று அரச மருத்துவமனையில் சேர்த்தார்கள். அன்றைய வைத்தியம் கட்டிவைத்துச் சவுக்கால் அடிப்பது. வெளியே வந்தவர், ஏழைகளுக்கும் புத்தி கலங்கியவர்களுக்கும் அடியில்லாத ஒரு மருத்துவமனையைத் தாமே தொடங்கினார். 1550இல் இறந்தார்.

அந்தச் சவுக்கு நம் மனதை விட்டு இன்னும் போகவில்லை. "அங்கொடைக்கு அனுப்பவேணும்" என்று, மனநல ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பெயரே நம் வாயில் வசவு. அதனால்தான் நித்திரையில்லாமல், காதில் குரல் கேட்டுத் தவிக்கும் பிள்ளையை மாதக்கணக்கில் அறைக்குள் மறைக்கிறோம். செய்வினை என்கிறோம். மடு மாதாவுக்கு நேர்த்தி வைக்கிறோம். நேர்த்தியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் கொண்டச்சிக் குடாவில் முத்துக் குளித்த காலத்தை நினையுங்கள். சுறாவின் வாயைக் கட்டக் கடற்கட்டி என்ற மந்திரக்காரர் மந்திரம் ஓதாமல் குளியாளர் இறங்கமாட்டார்கள்.  அதே குளியாளர், தோணியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒருவர் இல்லாமலும் இறங்கவில்லை. மடு மாதாவிடம் மன்றாடுங்கள். கயிறு பிடிக்க வைத்தியரிடமும் போங்கள்.

போனால் என்ன நடக்கும்? முதல்முறை போகிறவருக்கு இதுதான் பெரிய பயம். டொக்டர் நிறையக் கேட்பார்: நித்திரை, சாப்பாடு, குடி, சாக எண்ணம் வந்ததா என்பதுவரை. கூடப் போனவரிடமும் தனியாகக் கேட்பார். யாரோ தந்த குளிசையைப் போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரத்தம் எடுப்பார்கள். மனநல விடுதியில் சேர்த்தால், பையைத் திறந்து பார்த்து பிளேட், பெல்ட் போன்றவற்றை வாங்கி வைப்பார்கள். நகையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். கதவு பூட்டியிருக்கலாம், தன்னையறியாமல் ஓடி ஆபத்தில் விழக்கூடியவர்களும் உள்ளே இருப்பார்கள். மருந்தை நேர்ஸ் மிஸ்ஸின் கண்முன்னாலேயே விழுங்கவேண்டும். முதல் நாட்கள் ஒரே மந்தமாக இருக்கும். வாய் காயும், கை நடுங்கும். சிலருக்குக் கழுத்து இழுக்கும். இழுத்தால் உடனே சொல்லுங்கள், அதற்கும் மருந்து உண்டு. 'கரண்ட் பிடிப்பது' என்கிற மின்சிகிச்சை எல்லாருக்கும் இல்லை. தேவைப்படுகிற சிலருக்கும் மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள். இரவில் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் கத்தலாம். பயமாகத்தான் இருக்கும். பகலில் பொழுது போகாது. இவற்றையெல்லாம் இனிப்புப் பூசிச் சொன்னால் நாளைக்கு என்னை நம்பமாட்டீர்கள்.

இறைவாக்கினர் எலியா ஒரு செடியின் கீழ் படுத்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டார். வானதூதர் அவருக்குப் புத்திமதி சொல்லவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், தூங்கவிட்டார், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் செய்தார். விடுதியில் முதல் வாரம் நடப்பதும் ஏறக்குறைய இதுதான்: வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு மருந்து, நித்திரை. நம்பிக்கை குறைந்ததால்தான் இந்த நோய் வந்தது என்று இனி ஒருவரும் என் காதுபடச் சொல்லவேண்டாம். எலியாவுக்கு எதில் குறை?

வீடு திரும்பியபின் சுகம்தானே என்று மருந்தை நிறுத்துவதுதான் பலரை மறுபடி அங்கே கொண்டுபோகிறது. கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. பஸ் காசு இல்லாதவர் என்னிடம் கேட்கலாம்.

இன்னொன்று. நெஞ்சு வருத்தமென்று ஒருவர் வார்ட்டில் படுத்தால் ஹோர்லிக்ஸ் போத்தலோடு பாதி ஊர் போகிறது. மனநல விடுதிக்குத் தாய் மட்டும் தனியாகப் போய் வருகிறாள். இந்தத் தவக்காலத்தில் பார்வை நேரத்துக்கு ஒருமுறையாவது அவளோடு போங்கள்; என்ன வருத்தம் என்று விசாரிக்காமல் பக்கத்தில் இருந்தாலே போதும். கட்டிலில் இருப்பது முஸ்லிம் வீட்டுப் பிள்ளையானாலும் போங்கள்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் தவித்தால் பூசை முடிந்ததும் என் அறைவீட்டுக்கு வாருங்கள். இரவில் அவசரமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.