வீட்டின் மணம் யாருக்காக?

சில மாதங்களுக்கு முன் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கும் விஷயமாக நம் குடும்பத்தாருடன் சென்றிருந்தோம். வாசலில் ஸலாம் சொல்லும்போதே இனிய மணம் ஒன்று வீசிற்று. அத்தர் அல்ல, ஊதுபத்தியும் அல்ல. ஒரு சட்டித் தண்ணீரில் கருவாப்பட்டை, கிராம்பு, ஏலக்காய்த் தோல், ஆரஞ்சுத் தோல், ஒரு பிடி புதினா இவற்றைப் போட்டு, இலேசான தீயில் வைத்திருப்பதாக வீட்டுக்கார அம்மா சொன்னார்கள். மெச்சினோம். விடைபெறும் வேளையில்தான் பின்கட்டில் ஓர் அறை வெளியே தாழிடப்பட்டிருப்பதையும், உள்ளே யாரோ இருமுவதையும் கவனித்தோம்.

"மாமிக்குப் பக்கவாதம். எல்லாம் படுக்கையிலேதான். வந்தவங்களுக்கு வாடை தெரியக் கூடாதேன்னுதான்..." என்று அந்த அம்மா தாழ்ந்த குரலில் சொன்னார்கள்.

அன்று முதல் அந்தச் சட்டி நம் நினைவை விட்டு அகலவில்லை.

நறுமணம் மார்க்கத்தில் விரும்பத்தக்கது என்பதில் ஐயமில்லை. யாரேனும் நறுமணம் கொடுத்தால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுப்பதில்லை என அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் உள்ளது. இப்னு உமர் (ரலி) அவர்கள் அகிலைத் தனியாகவும், சில வேளை கற்பூரம் சேர்த்தும் புகைத்து, நாயகமவர்கள் இவ்வாறே செய்தார்கள் என்று சொன்னதை முஸ்லிமில் காணலாம். வெள்ளி இரவுகளில் நாம் போடும் சாம்பிராணியும் அராபியருக்குப் பழக்கமானதே. சுமத்ராவிலிருந்து வந்த அந்தப் பிசினுக்கு அவர்கள் 'லுபான் ஜாவி' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் ஆஸ்துமாக்காரரும் கைக்குழந்தையும் உள்ள வீட்டில் புகையை விட இந்த ஆவியே நல்லது. பட்டையிலும் பழத்தோலிலும் உள்ள எண்ணெய் நீராவியோடு எழுந்து பரவுகிறது. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வற்றினால் கருகல் நாற்றம்தான் மிஞ்சும்!

ஆனால் நனைந்த மெத்தையில் உள்ள வாடையை இந்த ஆவி அகற்றுவதில்லை. இரண்டும் காற்றில் சேர்ந்தே இருக்கின்றன. வலுத்தது மூக்கை நிறைக்கிறது, அவ்வளவே. அப்படியானால் இது ஏமாற்றா? எப்போதும் அல்ல. பச்சைப் பூண்டும் வெங்காயமும் தின்றவர் பள்ளிவாசலுக்கு வர வேண்டாமென்று சொல்லப்பட்டதே பிறருக்குத் தொல்லை தரலாகாது என்பதற்காகத்தானே! கருவாடு பொரித்த வீட்டில் விருந்தாளி வருமுன் சட்டியை அடுப்பில் ஏற்றுவது நல்ல பழக்கம். அதில் குற்றம் காண மாட்டோம். குடியிருப்புகளில் தொழுமிடங்கள் அமைக்கவும், அவற்றைச் சுத்தமாக்கி மணமூட்டவும் நாயகமவர்கள் ஏவியதாக ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் வருகிறது. சுத்தம் முதலில், மணம் அதன் பிறகு. அந்த வீட்டில் இந்த வரிசை மாறியிருந்தது.

மேலும், நம் மூக்கு சொல்வதே தீர்ப்பாகி விடுமா? நோன்பாளியின் வாய்வாடை அல்லாஹ்விடத்தில் கஸ்தூரியை விட மணமானது என்ற ஹதீஸை அறியாதவர் நம்மில் யார்? பெற்றோரை 'சீ' என்றும் சொல்லாதே என்ற இறைவசனத்துக்கு (17:23) விளக்கம் தந்த முஜாஹித் (ரஹ்) அவர்கள், முதுமையில் அவர்களுடைய மலசலத்தை அகற்ற நேரும்போதும் முகம் சுளிக்காதே, சிறுவயதில் உன்னை அவர்கள் அப்படித்தான் சுத்தம் செய்தார்கள் என்கிறார்கள். 'சீ' என்பது மூக்கிலிருந்து பிறக்கும் சொல்லன்றோ!

அந்த அம்மாவை மட்டும் குறை சொல்லி விடலாமா? விரிப்பைத் துவைப்பது அவர்கள் ஒருவரே என்றும், பெற்ற பிள்ளைகள் அந்த அறைப்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்றும் பிறகு தெரிய வந்தது. அன்று வாசலிலேயே வாடை வந்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? "இடம் சரியில்லை" என்று திரும்பியிருக்க மாட்டோம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மால் முடியவில்லை. நம்மைப் போன்றவர்கள் வருகிறோம் என்றுதானே அந்தத் தாழ் போடப்பட்டது!

நிச்சயத்துக்குச் சென்றபோது, முதலில் மாமிக்கு ஸலாம் சொல்ல வேண்டும் என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். அந்த அம்மா சற்றுத் தயங்கினார்கள். கால்மணி நேரம் பொறுக்கச் சொல்லி, விரிப்பை மாற்றி, ஜன்னலைத் திறந்து வைத்த பிறகே உள்ளே அழைத்தார்கள். வாடை முழுவதும் போயிருக்கவில்லை. அடுப்படிச் சட்டியை யாரோ கொண்டு வந்து கட்டிலருகே வைத்திருந்தார்கள். மூதாட்டி அதன் பக்கம் முகத்தைத் திருப்பி, வந்தவர்கள் யாரென்று கேட்குமுன், "கிராம்பு போட்டிருக்கியா?" என்று மருமகளைக் கேட்டார்களாம்.