தற்காப்பில் ‘தன்’ யார்?

தமிழில் பொன்னைக் கடத்துகிறார்கள், சந்தனக்கட்டையைக் கடத்துகிறார்கள், பெண்ணையும் கடத்துகிறார்கள். மூன்றுக்கும் ஒரே சொல். அதற்கு எதிராக நாம் வைத்திருக்கும் ‘தற்காப்பு’ என்ற சொல்லில் ஒரு ‘தன்’ இருக்கிறது. அந்தத் ‘தன்’ யார்?

குறளின் ‘வாழ்க்கைத் துணைநலம்’ அதிகாரம் பெண் தன்னைக் காத்துக்கொள்வதைப் பேசுகிறது. அதற்குப் பரிமேலழகர் கண்ட பொருள், கற்பிலிருந்து வழுவாமல் காத்தல். காப்பவள் பெண், ஆனால் காக்கப்படுவது அவளுடைய உயிரோ விருப்பமோ அல்ல. அந்த உரை இன்னும் முடியவில்லை. ஆலங்குளத்திலிருந்து ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் படிக்கவும் மில் வேலைக்கும் போகும் பெண்களுக்கு நாம் சொல்வதென்ன? இருட்டுமுன் வந்துவிடு. தனியாகப் போகாதே. யாரிடமும் பேசாதே. பஸ் நிறுத்தத்தில் விளக்கு ஏன் எரியவில்லை என்ற கேள்வி இந்த அறிவுரைகளில் வருவதேயில்லை. பெண் தன்னைச் சுருக்கிக்கொள்வதையே பாதுகாப்பு என்கிறோம்.

சட்டம் இதில் நம் வீடுகளைவிடத் தாராளமானது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 38-ஆவது பிரிவாகியிருக்கிறது. கடத்தும் நோக்கத்தோடு தாக்குபவரைத் தடுக்கையில் அவர் இறந்தாலும் குற்றமில்லை என்கிறது அது. முதல் அடி விழும்வரை காத்திருக்கவும் வேண்டாம்; ஆபத்து என்ற நியாயமான அச்சம் எழுந்ததுமே உரிமை தொடங்குகிறது. தேவைக்கு மேல் தீங்கு கூடாது என்பது அதன் எல்லை. பாலியல் வன்முறைக்கும் இதே பிரிவுதான். 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் அருகே கத்தியைக் காட்டி மிரட்டியவரை 19 வயதுப் பெண் ஒருவர் குத்த, அவர் இறந்தார். காவல்துறை 100-ஆவது பிரிவின்படி அந்தப் பெண்ணை விடுவித்தது.

ஆகவே கற்றுக்கொள்வோம். பிடித்த கையின் கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டைத் திருகி இழுப்பது, வண்டியில் ஏற்றும்முன் ஊர் கூடக் கத்துவது, கண்ணையும் தொண்டையையும் குறிவைப்பது எல்லாம் நல்லவையே. ஆனால் உரிமை எப்போது கடமையாகிறது என்று கவனிக்க வேண்டும். கராத்தே படித்தாயே, ஏன் அடிக்கவில்லை? வாய் இருந்ததே, ஏன் கத்தவில்லை? அச்சத்தில் உடல் உறைந்துபோகும். அதுவும் உயிர் தன்னைக் காக்கும் வழிகளில் ஒன்றுதான். 1978-இல் மதுரா வழக்கில், உடலில் காயமில்லை, கூச்சலில்லை என்று காரணம் சொல்லி உச்சநீதிமன்றம் இரு காவலர்களை விடுதலை செய்தது. பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. உடலால் எதிர்க்காததாலேயே சம்மதம் என்றாகிவிடாது என்று சட்டப் புத்தகத்தில் எழுத 2013 வரை ஆனது. சண்டையிட்டவளைப் போற்றும் நாம், சண்டையிட முடியாதவளை விசாரிக்காமல் இருக்கப் பழக வேண்டும்.

கராத்தே வகுப்பு தொடாத இடம் ஒன்றும் உண்டு. காரை ஓட்டி வருபவர் தாய்மாமாவாக இருந்தால்? பலவந்தமாகவோ ஏமாற்றியோ ஒருவரை ஓரிடத்திலிருந்து போகவைப்பது கடத்தல் என்கிறது சட்டம். அவர் உறவுக்காரரா என்று அது கேட்பதில்லை. விரும்பாத திருமணத்துக்காகப் பெண்ணைக் கடத்துவது பத்தாண்டுவரை சிறைக்குரிய குற்றம். ஆனால் ஊரார் அதைக் கடத்தல் என்று சொல்லமாட்டார்கள். ‘வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள்’ என்பார்கள். பறித்தவர் அந்நியரென்றால் களவு, அப்பா என்றால் மீட்பு. இரண்டிலும் பெண் பொருள்தான்.

‘தன்’ என்பது கற்போ குடும்ப மானமோ அல்ல; எங்கே போவது, யாரோடு போவது என்று முடிவுசெய்யும் விருப்பம் அது. அதை ஏற்காத வீட்டில் பெண்ணுக்குத் தற்காப்புக் கலை சொல்லித்தருவது, பெட்டிக்கே பூட்டைக் கொடுத்துக் காவல் வைப்பது போலத்தான். 181, 112 என்ற எண்களை மாணவியருக்குச் சொல்லும்போது, வீட்டாருக்கு எதிராகவும் இவற்றை அழைக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.