பெயரை மறைக்கலாம், முடிவை?

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி ஒரு சிற்றூர். ஆச்சாரியார் என்று நம் ஏடுகள் குறித்த இராசகோபாலாச்சாரியார் 1878இல் பிறந்த ஊர். அவர் பெயரைக் கேட்டதும் தோழர்களின் புருவம் நெரியும். 1953இன் குலக்கல்வித் திட்டம் நினைவில் எழும். நெரியட்டும், காரணம் உண்டு! ஆனால் நாம் கேட்கிறோம்: வழக்கறிஞராகவும் வாழ்ந்த அவருடைய சட்டக் கட்டுரை ஒன்று மதிப்பீட்டுக்காக நம் கைக்கு வந்தால், வாதத்தைப் படித்துத் தீர்ப்பளிப்போமா, பெயரைப் படித்தே தீர்ப்பளித்துவிடுவோமா?

இந்த ஐயம் அறிஞர் உலகுக்கும் உண்டு. ஆகவேதான் சட்ட ஆய்வேடுகள் பல, வந்த கட்டுரையைத் துறையறிந்த ஒருவரின் மதிப்பீட்டுக்கு அனுப்பும்போது எழுதியவர் பெயரை நீக்கி அனுப்புகின்றன. எந்தக் குலம், எந்தக் கல்லூரி, எவருடைய மாணவர் என்பது எதுவும் தாளில் இராது. பிறப்பைப் பாராதே, பொருளைப் பார் என்று நாம் மேடைதோறும் முழங்குவதை அந்த ஏற்பாடு ஓசையின்றிச் செய்கிறது.

நன்று. ஆனால் பெயரை மறைக்கலாம். முடிவை மறைக்க முடியுமா?

வகுப்புரிமையை ஆதரிக்கும் கட்டுரை ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று 1951 ஏப்ரல் 9இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த செண்பகம் துரைராசன் வழக்கைப் பற்றியது. "மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்யாத ஒருவரின் வழக்கால் ஆணை வீழ்ந்தது" என்கிறது கட்டுரை. நெஞ்சு நிமிர்கிறது, "அருமை, அச்சிடுக" என்று எழுதக் கை துடிக்கிறது.

பொறுங்கள்! தீர்ப்பைப் புரட்டுங்கள். அவர் விண்ணப்பித்ததாகத் தெரியவில்லை என்பது மெய். நீதிமன்றமே அதைக் குறித்திருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு இருவர் மனுக்கள் மீது எழுந்தது. மற்றொருவரான சீனிவாசன், பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்தே இருந்தார். செண்பகத்தின் மனுவே இல்லாவிடினும் கேள்வி எழுந்திருக்கும். அவரை விட்டுவிட்டுச் சொன்ன உண்மை, அரை உண்மை.

"நம் வாளால் நம் தோளையே வெட்டுவதா?" என்பர் சிலர். வெட்டுவது தோளையன்று, தோளில் வளர்ந்த கட்டியை! நம் வாதத்தின் வலிமை அந்த ஒற்றை விண்ணப்பத்திலா இருக்கிறது? வழிவழியாகக் கல்வி மறுக்கப்பட்ட மக்களின் நியாயத்தில் இருக்கிறது. அதே 1951 ஜூனில் முதல் திருத்தம் வந்ததும், அரசியல் சட்டத்தில் 15(4) பிரிவு சேர்ந்ததும் அந்த நியாயத்தால் அன்றோ? கருங்கற் சுவருக்கு இடையே களிமண் செங்கல் எதற்கு?

எவரும் கண்டுபிடிக்கமாட்டார் என்றால்? அங்குதான் நம் சோதனை. மதிப்பீடு செய்பவரின் பெயரும் மறைக்கப்படுகிறது. புகழும் இல்லை, பழியும் இல்லை. மேலே ஒருவன் பார்க்கிறான் என்று நம்புகிறவருக்கு அஞ்சுவதற்கு ஓர் ஆள் உண்டு. நமக்கோ நம் அறிவே சாட்சி, நம் நாணயமே காவல். அந்தக் காவல் உறங்கினால், ஏட்டை நம்பிப் படிக்கும் மாணவரும் அதை எடுத்துக்காட்டி வாதாடும் வழக்கறிஞரும் நம்மால் ஏமாறுவர்.

ஆகவே தோழர்களே, "சீனிவாசனையும் சேர்த்து எழுதுக" என்று குறிப்பெழுதுவோம். தொரப்பள்ளியில் பிறந்தவரின் வாதத்தில் பிழை தேட ஏந்தும் விளக்கை, நம் தோழரின் தாளுக்கு நேரேயும் ஏந்துவோம். அடுத்த வீட்டில் மட்டும் எரியும் விளக்குக்குப் பகுத்தறிவு என்று பெயரன்று.